‘மேர்மர்’: இணங்க மறுத்தவர்களின் முதல் அல்பம்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக நகரில் 1980இல் உருவான றொக் இசைக்குழு ஆர்.ஈ.எம். மைக்கல் ஸ்டைப், பீற்றர் பக், மைக் மில்ஸ், பில் பெரி ஆகிய நால்வரின் முதல் முழுநீள அல்பமான ‘மேர்மர்’, 1983 ஏப்ரலில் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தினூடாக வெளியானது. பெயரின் பொருள் ‘முணுமுணுப்பு’.

நிறுவனம் முதலில் ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரிடம் குழுவை அனுப்பியது. அவர் ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார். குழுவைக் கேட்காமலே சின்தசைசர் ஒலிகளையும் சேர்த்தார். அதிகம் அறியப்படாத குழுவாக இருந்தும் நால்வரும் இணங்கவில்லை. முன்பு தங்களுக்கு ஒலிப்பதிவு செய்த மிச் ஈஸ்டரே வேண்டுமென்றனர். பரீட்சார்த்தமாக ஒரு பாடலைப் பதிவுசெய்து காட்டிய பின்னரே நிறுவனம் சம்மதித்தது. ஈஸ்டரும் டொன் டிக்சனும் வட கரோலைனாவின் சார்லட் நகரில் அல்பத்தைத் தயாரித்தனர்.

அன்று பிரபலமாயிருந்த சின்தசைசர் ஒலியும் நீண்ட கிற்றார் தனிவாசிப்பும் இதில் இல்லை. ஸ்டைப் பாடும் சொற்கள் பல இடங்களில் தெளிவாகக் கேட்காது. அவரது குரல் இன்னொரு வாத்தியம்போல இசையோடு கலந்துவிடுகிறது.

பில்போர்ட் பட்டியலில் ‘மேர்மர்’ 36ஆம் இடத்தையே எட்டியது. ஆயினும் மைக்கல் ஜக்சனின் ‘திரில்லர்’ உலகையே ஆட்டிய அந்த ஆண்டில், றோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் விமர்சகர்கள் இதனையே ஆண்டின் சிறந்த அல்பமாகத் தெரிவுசெய்தனர். பின்னாளில் ‘ஓல்டர்நேட்டிவ் றொக்’ என அழைக்கப்பட்ட இசைக்கு வழிதிறந்த அல்பங்களில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.