இல்லாத விளிம்புகள்: தீர்வுறு குலங்களின் கேரக்டர் படிக் கோட்டுருக்கள்

ஒரு முடிவுறு குலத்தின் பகுக்கவியலாக் கேரக்டர்களுடைய படிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்றையேனும் வகுக்கும் பகா எண்கள் கோட்டுருவின் முனைகள். இரு பகா எண்களின் பெருக்கம் ஏதேனும் ஒரு படியை வகுத்தால் அவ்விரண்டுக்கும் இடையே விளிம்பு உண்டு. இத்துறையில் எழுதுவோர் பெரும்பாலும் எது எதனோடு இணைகிறது என்றே கேட்கிறார்கள். தீர்வுறு குலங்களில் எது எதனோடு இணையவில்லை என்று கேட்பதுதான் பயன் தரும் என்பது என் வாதம்.

ஐந்து பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களால் ஆன குலத்தின் வரிசை 60. கேரக்டர் படிகள் 1, 3, 3, 4, 5. முனைகள் 2, 3, 5. ஒரு விளிம்புகூட இல்லை. இது தீர்வுறா குலம். தீர்வுறு குலத்தில் இப்படி நேராது: எந்த மூன்று முனைகளை எடுத்தாலும் அவற்றுள் இரண்டேனும் இணைந்திருக்கும் என்று பால்ஃபி 1998இல் நிறுவினார். அதாவது, இல்லாத விளிம்புகளை மட்டும் வரைந்தால் கிடைக்கும் நிரப்பிக் கோட்டுருவில் முக்கோணம் இல்லை. அக்லாகி, கசோலோ, டோல்ஃபி, கெட்ரி, பாசிஃபிசி ஆகிய ஐவரும் 2018இல் இதை இன்னும் வலுவாக்கினர்: நிரப்பியில் ஒற்றை நீளச் சுற்று எதுவுமே கிடையாது. ஆகவே முனைகளை இரண்டு தொகுதிகளாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா முனைகளும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். குலம் எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. இந்த அழகு நிரப்பியில்தான் பளிச்சென்று தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் கணக்கிட்டே பார்க்கலாம். நான்கு பொருள்களின் வரிசைமாற்றக் குலத்தின் படிகள் 1, 2, 3. வரிசை 1331 உடைய பரிமாறா குலம் ஒன்றின்மீது, அதன் மையத்தை அசைக்காமல், வரிசை 5 உடைய சுழற்குலம் செயல்பட்டு உருவாகும் 6655 உறுப்புக் குலத்தின் படிகள் 1, 5, 11. (சரிபார்க்க: படி ஒன்று ஐந்து முறை, படி ஐந்து 24 முறை, படி பதினொன்று 50 முறை, வர்க்கங்களின் கூடுதல் 5 + 600 + 6050.) இரண்டின் நேரடிப் பெருக்கத்தில் 10, 22, 15, 33 ஆகிய படிகள் புதிதாக வருகின்றன. 2க்கும் 3க்கும் இடையே விளிம்பு இல்லை. 5க்கும் 11க்கும் இடையேயும் இல்லை. மற்ற இணைகள் எல்லாம் உண்டு. கிடைப்பது ஒரு சதுரம். ஒவ்வொரு முனையிலும் இரண்டு விளிம்புகள். எனவே ஒவ்வொரு விளிம்பையும் ஒரே முறை கடந்து தொடங்கிய முனைக்கே திரும்பும் ஆய்லர் சுற்று உண்டு.

தமிழகத்தில் சிவநேசன், செல்வராஜ், தமிழ்ச்செல்வம் ஆகியோர் எடுத்துக்கொண்டதும் இந்த ஆய்லர் கேள்விதான். தீர்வுறு குலத்தின் கோட்டுரு ஆய்லர் கோட்டுருவாக அமையத் தேவையான நிபந்தனை ஒன்றை அவர்கள் தந்தார்கள். ஆய்லர் கேள்வியையும் நிரப்பியின் வழியே படிக்கலாம். ஆய்லர் கோட்டுருவின் ஒவ்வொரு முனையிலும் விளிம்புகள் இரட்டைப்படை. முனைகளின் எண்ணிக்கை இரட்டை என்றால், ஆய்லர் கோட்டுருவின் ஒவ்வொரு முனையிலும் இல்லாத விளிம்புகள் ஒற்றைப்படையாக இருந்தாக வேண்டும். குறைந்தது ஒன்றாவது விடுபட வேண்டும். இரட்டை எண்ணிக்கை முனைகள் கொண்ட முழுக் கோட்டுரு தோற்பது இதனால்தான்.

சென்னைக் கல்லூரிகளின் முதுகலை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கேப்’ என்னும் இலவச மென்பொருளில் கேரக்டர் அட்டவணைகள் கிடைக்கின்றன. திட்டக் கட்டுரைக்காகக் கோட்டுருவை வரையும்போது நிரப்பியையும் பக்கத்திலேயே வரையுங்கள். முதலில் அதைப் படியுங்கள்.