ஸ்லோவில் அணைந்துபோகும் கப்சாய்: புதிய கார்புரேட்டர் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் தஞ்சோங் மாலிம் சாலைச் சந்திப்பில் த்ரோட்டிலை விட்டதும் 'டுப்'பென்று அணைந்துவிடுகிறது. பின்னால் லோரி ஹாரன் அடிக்கிறது. "ஸ்லோவைக் கொஞ்சம் ஏத்தி விடு, சரியாயிடும்" என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

ஏற்றிவிட்டால் அணையாதுதான். ஆனால் கோளாறு போகவில்லை, மறைந்துகொண்டது, அவ்வளவுதான். கியர் போடும்போது வண்டி முன்னால் துள்ளும், இறக்கத்தில் என்ஜின் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழை நாளில், அதுவும் செம்மண் பாதையில், இது விளையாட்டுக் காரியம் இல்லை.

இன்னும் கார்புரேட்டரா?

2003 முதல் புரோட்டான் ஆலை இயங்கும் ஊர் இது. அங்கிருந்து வெளிவரும் கார்களில் கார்புரேட்டர் கிடையாது. ஆனால் ஆலையைத் தாண்டிப் பெஹ்ராங் பக்கம் போனால், ரப்பர் போய் செம்பனை வந்த தோட்டங்களில், பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5-உம் மொடெனாஸ் கிரிஸ்ஸும் இன்னும் உழைக்கின்றன. உப்சி மாணவர்களில் சிலருக்கும் அப்பா ஓட்டிய ஈஎக்ஸ்5தான் முதல் வண்டி. புதிய ஈஎக்ஸ்5 ஃபியூவல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டது. இந்தக் கட்டுரை பழையதை வைத்திருப்பவர்களுக்கு.

'கப்சாய்' என்ற சொல்லே 1958-இல் வந்த ஹோண்டா 'கப்' பெயரோடு, கந்தோனீஸ் மொழியில் சிறியது என்று பொருள்படும் 'சாய்' சேர்ந்து பிறந்தது என்பார்கள்.

கல் மேல் ஏறும் வண்டி சொல்லும் பாடம்

டிரையல்ஸ் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பாறை, மரக்கட்டை, ஓடை எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒவ்வொரு முறை கால் தரையில் பட்டாலும் தண்டனைப் புள்ளி. வேகம் அங்கே பேச்சே இல்லை. நடக்கிற வேகத்தில் போகும் வண்டி, கேட்ட நொடியில் சீறி எழ வேண்டும். கேட்காதபோது அணையாமல் நிற்க வேண்டும். மொண்டேசா கோட்டா 4ஆர்டி 2005-லேயே இஞ்செக்‌ஷனோடு வந்தது. ஆனாலும் பல டூ-ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டிகள் கெய்ஹின், டெல்லோர்டோ கார்புரேட்டர்களோடுதான் தொடர்ந்தன. அவற்றின் மெக்கானிக்குகள் அதிகம் கவனிப்பது ஸ்லோ ஜெட்டை.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து போகும் கப்சாய்க்கும் அதே தேவைதான்.

காரணம் எளிது. கார்புரேட்டரின் குறுகலான பகுதியில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. த்ரோட்டில் எட்டில் ஒரு பங்கு வரை திறந்திருக்கும்போது முக்கியமாக வேலை செய்வது ஸ்லோ ஜெட். நடுவில் ஊசி. முக்கால் பங்குக்கு மேல்தான் மெயின் ஜெட். கெய்ஹின் ஸ்லோ ஜெட்டில் 35 என்று பொறித்திருந்தால் துளை ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். வண்டி சில மாதம் சும்மா நின்றால் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு மிஞ்சும். எந்தத் துளை முதலில் அடைபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஓடுது, ஆனா ஸ்லோல நிக்கல" என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பம்.

கழற்றுவதற்கு முன்

திறந்த வெளியில், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. கண்ணாடியும் கையுறையும் வேண்டும். கிளீனர் ஸ்பிரே ஒரு துளையில் போய் இன்னொன்றின் வழியாக நேரே கண்ணுக்கு வரும். பெட்ரோல் வால்வை மூடுங்கள், வால்வு இல்லாத வண்டியில் குழாயைக் கிளிப் போட்டு அடையுங்கள். கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக உருண்டு நின்றால் அது தண்ணீர். சில சமயம் கோளாறு இதோடு முடிந்துவிடும். பிடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது மழைநீரோடு கடைசியில் பெர்னாம் ஆற்றுக்குத்தான் போகும். பட்டறையில் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள். இதில் முக்கியமான ஒன்று உண்டு: பக்கவாட்டில் உள்ள கலவைத் திருகைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் அடிதொட்டது என்று எண்ணி எழுதி வையுங்கள். தொட்டதும் நிறுத்துங்கள். அழுத்தினால் கூர் முனை கெட்டுவிடும், பிறகு எவ்வளவு ட்யூன் செய்தாலும் உட்காராது.

ரப்பர் வளையங்கள், மிதவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கிளீனரும் காற்றும் அடிக்க வேண்டும். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊற வைத்து மீண்டும் காற்று அடியுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, கம்பி எஃகு. துளை கொஞ்சம் அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து, அது உட்காரும் பாதையை விட்டுவிடுவதும் வழக்கமான அவசரம்.

ட்யூன் செய்வது

மாட்டியதும், பெட்ரோல் கசியவில்லை என்று பார்த்து, கலவைத் திருகைக் குறித்து வைத்த சுற்றுக்கே கொண்டு வாருங்கள். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். சிறிது தூரம் ஓட்டி என்ஜினைச் சூடாக்கிய பிறகே ட்யூன்; குளிர்ந்த என்ஜினில் செய்தால் சூடானதும் எல்லாம் மாறும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் பொதுவாக அது காற்றைக் கட்டுப்படுத்தும்: உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும்: உள்ளே திருப்பினால் குறையும். இரண்டும் நேர் எதிர். யூடியூபில் பார்த்ததை அப்படியே செய்யும் முன் உங்கள் வண்டியில் எது என்று பாருங்கள்.

கால் சுற்று திருப்பி, சில நொடி காத்திருந்து கேளுங்கள். என்ஜின் வேகம் உச்சத்துக்கு வந்து சீராக நிற்கும் இடம்தான் சரியான இடம். பிறகு ஸ்லோ திருகைக் குறைத்து, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறக்குங்கள். த்ரோட்டிலைச் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். தயங்காமல் ஏற வேண்டும், விட்டதும் உடனே இறங்க வேண்டும். விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று கசிகிறது. என்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலான இணைப்பில் வெடிப்பு, கேஸ்கெட் இரண்டையும் பாருங்கள்.

தமிழ்நாட்டு வீடியோக்களில் எத்தனால் பற்றிய எச்சரிக்கை நிறைய வரும். அங்கே பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். இங்கே ரான்95-க்கு அப்படிக் கட்டாயக் கலப்பு இல்லை என்பதால், அந்த அறிவுரை எல்லாம் நமக்குப் பொருந்தாது.

சுத்தம் செய்தும் பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால் மிதவை ஊசி தேய்ந்திருக்கலாம். திருகை எங்கே வைத்தாலும் வித்தியாசம் தெரியாவிட்டால் உள்பாதை இன்னும் அடைபட்டிருக்கிறது, அல்லது முன்பு யாரோ தவறான அளவு ஜெட் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் பட்டறைதான் நல்லது. அதற்கு முன்னால் மலிவான புது கார்புரேட்டரை ஆன்லைனில் வாங்காதீர்கள். அதில் உள்ள ஜெட் உங்கள் என்ஜினுக்கு உரிய அளவாக இல்லாமல் போகலாம். அப்பா வண்டியோடு வந்த பழைய கார்புரேட்டர் சுத்தமாக இருந்தால், அதற்குச் சரியான அளவு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

செமஸ்டர் விடுமுறைக்கு வண்டியை ஹாஸ்டலில் விட்டுப் போகிறீர்களா? போகும் முன் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.