நீதிக்கட்சியும் அதனை நீங்கிய வாக்காளரும்

அரசியற் கட்சியொன்று பகைவர் வலிமையால் வீழ்தலும் உண்டு. தன்னைத் தாங்கி நின்றோர் மனம் வேறுபட்டமையால் வீழ்தலும் உண்டு. முன்னது வெளியே பட்ட புண், விரைவில் ஆறும். பின்னதோ உள்ளே பற்றிய நோய். மருத்துவன் நாடி பிடிக்கும் முன்னரே உயிரைக் கொண்டு போய்விடும். தென்னாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வுண்மையை விளக்குதற்கு நீதிக்கட்சியின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறொன்றில்லை. நம் சங்கத்தைச் சேர்ந்த முதியோர் பலர்தம் தந்தையரும் பாட்டன்மாரும் அக்கட்சிக்கு வாக்களித்தோரே. அவர்களுட் பலர் பின்னர் அதனைக் கைவிட்டோரும் ஆவர். அவர் ஏன் சேர்ந்தனர், ஏன் நீங்கினர் என்பதை நடுநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

1912ஆம் ஆண்டில் டாக்டர் சி. நடேச முதலியார் சென்னையில் பிராமணரல்லாத மாணவர்க்கும் உத்தியோகஸ்தர்க்கும் ஒரு சங்கம் கண்டார்; பின்னர் மாணவர் தங்கிப் பயிலுதற்கென ஒரு விடுதியும் அமைத்தார். வெளியூரினின்றும் கல்லூரியிற் பயில வந்த பிள்ளைகட்கு உண்ணவும் உறங்கவும் இடம் கிடைத்தல் அரிதாயிருந்த காலம் அது. 1916 நவம்பரில் பி. தியாகராயச் செட்டியாரும் டாக்டர் டி. எம். நாயரும் நடேச முதலியாரும் ஒருங்கு கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் நடத்திய ‘ஜஸ்டிஸ்’ என்னும் ஆங்கில நாளிதழின் பெயரே நாளடைவில் கட்சிக்கும் பெயராயிற்று.

மக்கட்டொகையிற் பெரும்பான்மையராய், வரி செலுத்துவோரிலும் பெரும்பான்மையராய் இருந்தும், பிராமணரல்லாதார் அரசாங்க உத்தியோகத்திலும் உயர்கல்வியிலும் மிகச் சிறுபான்மையராய் இருந்தனர். இந்நிலையை மாற்ற வேண்டுமென்பதே கட்சியின் குறிக்கோள். மாணவன் ஒருவனுடைய தந்தைக்கு இக்குறிக்கோளை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அஃது அவன் இல்லத்திலேயே இருந்த குறை. அதனாலேயே நிலமுடைய வேளாண்குடியினரும் வணிகப் பெருமக்களும் ஜமீன்தார்களும் ஒருசேர அதன்பால் வந்தனர்.

முதல் வெற்றி

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நிகழ்ந்தது. காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களுள் 63 இடங்களை நீதிக்கட்சி வென்றது. சொத்துரிமையும் வரியும் பற்றியே வாக்குரிமை வழங்கப்பட்டமையின், மாகாணம் முழுவதிலும் வாக்காளர் தொகை ஏறத்தாழ 12 லட்சமே. அவருள்ளும் நாலில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். ஆதலின் அவ்வெற்றி பெரிதாயினும் அதன் அடிப்படை அகலமானதன்று. இதனைக் கட்சித் தலைவர் பின்னாளில் நினைவிற் கொண்டிலர்.

தொடக்க ஆண்டுகளில் அக்கட்சி ஆற்றிய பணியைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மையாகும். 1921இல் பெண்கட்கு வாக்குரிமை வழங்கச் சட்டசபை இசைந்தது; இந்திய மாகாணங்களுள் இதனை முதற்கண் செய்தது சென்னையே. அவ்வாண்டிலேயே பனகல் அரசர் முதலமைச்சராய் அமர்ந்தார். வகுப்புவாரி உரிமை ஆணையும் பிறந்தது. 1925இல் இந்து சமய அறநிலையச் சட்டம் நிறைவேறிற்று. இவையெல்லாம் இன்றும் நம் வாழ்விற் பயன் தந்து நிற்பவை.

பிளவின் வித்து

எனினும் வெற்றி பெற்ற நாளிலிருந்தே பிரிவினை தொடங்கிற்று. முதல் மந்திரிசபையில் ஏ. சுப்பராயலு ரெட்டியார், பனகல் அரசர், கே. வி. ரெட்டி நாயுடு ஆகிய மூவர் இருந்தனர். பதவிகளெல்லாம் தெலுங்கரையே சேர்கின்றன என்ற மனக்குறை தமிழ் உறுப்பினரிடையே எழுந்தது. கட்சிக்கு அடிகோலிய நடேச முதலியாரே ஒதுக்கப்பட்டவர்போல் ஆயினார். 1923ஆம் ஆண்டுத் தேர்தலிற் கட்சியின் இடங்கள் குறைந்தன. அதன் பின்னரே டி. என். சிவஞானம் பிள்ளை என்னும் தமிழர் அமைச்சராக அமர்த்தப்பட்டார். ஆயினும் சி. ஆர். ரெட்டி தலைமையில் ஒரு சாரார் பிரிந்து, அவ்வாண்டு நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தனர். தீர்மானம் தோற்றது, மந்திரிசபை பிழைத்தது. ஆனால் பிரிந்தோர் மனம் மீண்டும் ஒட்டவில்லை.

இதனினும் ஆழ்ந்த புண் ஆதிதிராவிடர் உள்ளத்திற் பட்டது. 1921இல் சென்னைப் பின்னி ஆலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது தொழிலாளரிடையே கலகம் மூண்டது. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. அரசாங்கம் ஆதிதிராவிடர்க்குக் காட்டிய சலுகையே கலகத்திற்குக் காரணமெனக் கட்சியார் பேசினர். எல்லார்க்கும் நீதி என்று கூறி வந்த கட்சி, தமக்கு இடர் வந்த நாளில் தம் பக்கம் நிற்கவில்லை என்று அம்மக்கள் கண்டனர். அவர்தம் தலைவர் எம். சி. ராஜா 1923இல் கட்சியினின்றும் விலகினார். தமக்கு மேலிருப்பாரிடம் பங்கு கேட்பவன், தனக்குக் கீழிருப்பானுக்குப் பங்கு கொடுக்க அஞ்சினால், அவன் கேட்டது நீதியா, அன்றிப் பதவியா என்ற ஐயம் எழுதல் இயல்பன்றோ?

கனி பழுத்த காலமும் பறித்த கையும்

வகுப்புவாரி ஆணை 1921இலேயே பிறந்ததாயினும் அஃது ஏட்டளவிலேயே நெடுநாள் கிடந்தது. 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி 21 இடங்களையே பெற்றது. சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பெற்றும் பதவியேற்க மறுத்தது. டாக்டர் பி. சுப்பராயன் தலைமையிற் சுயேச்சை மந்திரிசபை அமைந்தது. அதில் அமைச்சராயிருந்த எஸ். முத்தையா முதலியாரே அவ்வாணைக்கு உயிர் கொடுத்தார். நியமனம் பெறும் 12 இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரையும் கிறிஸ்தவரையும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என்று வகை செய்யப்பட்டது. முத்தையா முதலியாரோ சுயராஜ்யக் கட்சியினின்றும் வந்தவர்.

நீதிக்கட்சி விதைத்தது, வேறொருவர் அறுவடை செய்தார். இதனைக் கண்ட வாக்காளன் ஒன்றைத் தெளிந்தான்: தன் குறிக்கோளை நிறைவேற்ற இந்தக் கட்சி ஒன்றே வழியன்று. 1927இல் கோயம்புத்தூரிற் கூடிய பிராமணரல்லாதார் மாநாடும், விரும்புவோர் காங்கிரஸிற் சேரலாம் என இசைவளித்தது. கதவைத் திறந்துவிட்டபின் வெளியே செல்வோரைக் குறை கூறுவது எங்ஙனம்?

உழவனும் ஜமீன்தாரும்

1930ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி மீண்டும் பதவி பெற்று, பி. முனுசாமி நாயுடு முதலமைச்சரானார். அப்போது உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்தது. நெல்லின் விலை வீழ்ந்தது. நிலவரி மட்டும் வீழவில்லை. கட்சிக்குத் தூணாயிருந்த உழவர் கடனில் ஆழ்ந்தனர். இரட்டையாட்சியில் வருவாய்த்துறை மந்திரிகள் கையில் இல்லை என்பது உண்மையே. கவர்னரும் அவர்தம் நிர்வாக சபையினருமே அதனை ஆண்டனர். ஆயினும் வரிகட்ட மாடு விற்றவனுக்கு இந்தச் சட்ட நுணுக்கம் என்ன ஆறுதல் தரும்? தம் தலைவர் தமக்காகக் குரல் எழுப்பினாரா என்பதையே அவன் நோக்கினான்.

அவன் கண்டதோ ஜமீன்தார்களின் உட்பூசல். 1932 நவம்பரில் முனுசாமி நாயுடு பதவி துறந்தார். பொப்பிலி அரசர் முதலமைச்சரானார். நாடு வறுமையில் வாடிய அந்நாளிலும் மந்திரிகள் மாதம் 4,000 ரூபாய்க்கு மேற் சம்பளம் பெற்று வந்தனர். காங்கிரஸாரோ பதவியேற்றால் மாதம் 500 ரூபாயே பெறுவோம் என்றனர். தொண்டர் ஊர்தோறும் நடந்து சென்றனர். சிறையிருந்தோர் திண்ணையில் அமர்ந்து பேசினர். அவருள்ளும் பிராமணரல்லாதார் பலர் தலைமை பெற்றிருந்தனர். நீதிக்கட்சித் தலைவரோ மாளிகையினின்றும் மோட்டாரில் வந்து மோட்டாரில் மீண்டனர்.

1937

புதிய சட்டத்தின்படி வாக்காளர் தொகை 60 லட்சத்தைக் கடந்தது. காங்கிரஸின் மஞ்சள் பெட்டி மாகாணமெங்கும் நிரம்பி வழிந்தது. சட்டசபையின் 215 இடங்களுள் 159 இடங்கள் காங்கிரஸுக்குச் சென்றன. நீதிக்கட்சிக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 20. பொப்பிலி அரசர் தம் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். வழிவழியாகத் தம் குடும்பத்தை அரசரென வணங்கிய குடிகளே தமக்கு எதிராக வாக்களித்ததை அவர் கண்டார்.

கட்சியின் பெரியோர் சிலர் வாக்காளரை நன்றி கொன்றவர் என்றனர். அது பொருந்தாக் கூற்று. வாக்காளர் நீதிக்கட்சியைத் துறந்தனரேயன்றி, அக்கட்சி தோன்றிய காரணத்தைத் துறந்திலர். வென்று வந்த காங்கிரஸ் மந்திரிசபையும் வகுப்புவாரி ஆணையை நீக்கத் துணியவில்லை. 1950இல் உயர்நீதிமன்றமும் 1951இல் உச்சநீதிமன்றமும் அது செல்லாதெனத் தீர்ப்பளித்தபோது, அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தத்தால் அதன் கருத்துக்குக் காப்பு அளிக்கப்பட்டது. கட்சியோ 1944இல் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் எனப் பெயர் மாறிற்று. மாறாது நின்ற சிலர் பி. டி. ராஜன் தலைமையிற் பழம்பெயரைச் சிலகாலம் காத்தனர். கட்சி மறைந்தது, கருத்து வாழ்ந்தது. ஆதலின் வாக்காளர் எதற்கு உண்மையாயிருந்தனர் என்பது வெள்ளிடைமலை.

படிப்பினை

இஃது ஒரு கட்சிக்கே உரிய விதியன்று. 1937இல் மாளிகையை வீழ்த்திய காங்கிரஸ், முப்பதாண்டு கழித்து 1967இல் 234 இடங்களுள் ஏறத்தாழ 50 இடங்களே பெற்று அதே மக்களால் ஒதுக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த காமராசரே தம் விருதுநகரில் தோல்வியுற்றார். செய்த நன்மை என்னும் முதல் வட்டி தந்துகொண்டே இராது. நாள்தோறும் புதிதாய் உழைத்தோர்க்கே அது பலன் தரும்.

மனம் நீங்கும் வாக்காளன் ஒரே நாளில் நீங்குவதில்லை. முதலிற் குறை கூறுகின்றான், கேட்பாரில்லை. பின்னர்க் கூட்டத்திற்கு வாராதிருக்கின்றான். ஏன் வரவில்லை என்று வினவுவாரில்லை. இறுதியில் மௌனமாகின்றான்; அம்மௌனத்தைத் தலைவர் இசைவெனக் கொள்கின்றனர். தேர்தல் நாளில் அம்மௌனம் வாய் திறக்கின்றது. குறை கூறுவோன் இன்னும் நம்மவனே. கூறுதலை நிறுத்தியவனுக்கே நாம் அஞ்ச வேண்டும்.

அன்பர்காள்! பிள்ளையின் கல்விக்காகவும் விடுதியின் ஓர் இடத்திற்காகவும் நம் முன்னோர் ஒரு கட்சியை நாடினர். அதே காரணத்திற்காகவே நம் சங்கமும் நிலைபெற்றுள்ளது. பொதுக்குழுவிற்கு வாராத உறுப்பினரைச் சந்தாப் பட்டியலிற் குறியிட்டு விடுதல் எளிது. அவர் இல்லத்திற்குச் சென்று காரணம் வினவுதல் அரிது. இவ்வரிய செயலை நீதிக்கட்சித் தலைவர் 1923இல் செய்திருப்பின் 1937 வேறாயிருந்திருக்கலாம். நம் நிர்வாகிகள் அதனை இவ்வாண்டிலேயே தொடங்குவாராக.