பல்லைப் பிடுங்கும் முன்

பல்வலியால் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்தவர், பொழுது விடிந்ததும் மருத்துவரிடம் வேண்டுவது ஒன்றே: "இதைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள்!" நம்மில் பலரும் அவ்வாறு வேண்டியவர்களே. வலி பொறுமையைத் தின்றுவிடுகின்றது. அந்த அவசரத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தடுக்க முனைந்த ஓர் அறிஞரை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி ஓங்கியிருந்த நாளில், தலைநகர் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சார்ந்து வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. ஏறத்தாழ கி.பி. 1000இல் அவர் நிறைவு செய்த 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. பல் மதிப்புமிக்கதோர் உறுப்பு, இயன்ற மருத்துவம் அனைத்தையும் செய்து பார்த்த பின்னரே அதைப் பிடுங்கலாம் என்று அதில் அவர் அறிவுறுத்துகின்றார். வலி நோயாளியை ஏமாற்றும். நலமான பல்லையே அவன் சுட்டிக்காட்டுவான். அதைப் பிடுங்கிய பின்னும் நோயுற்ற பல் உள்ளேயே இருக்கும், வலியும் தீராது என எச்சரிக்கின்றார். நாவிதர்களிடம் பலர் இவ்வாறு பல்லிழந்ததைத் தாமே கண்டதாகவும் எழுதுகின்றார்.

அவர் கையாண்ட முறைகள் யாவை? பசுவின் வெண்ணெயைக் காய்ச்சி, பஞ்சு சுற்றிய கம்பியால் தோய்த்துப் பல்லின்மேல் வைத்தல் ஒன்று. வாயின் பிற இடங்களைச் சுடாதபடி பல்லின்மேல் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் வழியே பழுக்கக் காய்ச்சிய கோலைச் செலுத்துதல் மற்றொன்று. 12ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரிமோனா ஜெரார்டு இந்த அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர்.

ஆயினும் பல்லின் உள்ளே நிகழ்வதை அக்காலம் அறியவில்லை. பல்லின் நடுவே நரம்பும் குருதி நாளமும் கொண்ட மென்கூழ் உள்ளது. சொத்தை வழியே கிருமிகள் புகுந்தால் அது வீங்குகின்றது. சுற்றிலும் கடினச் சுவராதலால் வீக்கத்திற்கு இடமில்லை. எனவேதான் அத்துணை வலி. கூழ் செத்தபின் சீழ் வேர்நுனியில் தேங்குகின்றது. இதனைப் பல்லைக் குடையும் புழுவின் வேலை என்றே உலகம் நெடுங்காலம் நம்பியது. 1728இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார், தேடியும் புழுவைக் காணோம் என்று மறுத்தார். 1890இல் வில்லபி மில்லரின் நூல், வாய்க் கிருமிகள் உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கின்றது என விளக்கியது.

கருவிகளும் படிப்படியாக வந்தன. அமெரிக்காவின் எட்வர்டு மேனார்டு 1838இல் கடிகார வில்லை அராவி, வேரினுள் நுழையும் மெல்லிய ஊசி செய்தார். துப்புரவான குழியை நிரப்பக் கிடைத்ததோ, நம்மவர் கப்பலேறிச் சென்று வணிகம் செய்த மலாயாவின் மரப்பால்! மலாய் மக்கள் கத்திப்பிடி செய்துவந்த அந்தக் கட்டாப்பெர்ச்சாவை 1867இல் பௌமன் பல்வேருக்குப் பயன்படுத்தினார். 1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே, நோயுற்ற பல் எதுவெனக் காட்ட உதவியது. ஸஹ்ராவியின் கவலைக்கு அது கிடைத்த விடை எனலாம். 1905இல் புழக்கத்திற்கு வந்த புரோகெய்ன் ஊசிமருந்து வலியை மரக்கச் செய்தது.

இத்துணை கற்ற பின்னும் அவசரம் மீண்டும் வென்றது! 1910இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹன்டர், மான்ட்ரீல் நகரில், சீழை உள்ளே வைத்துத் தங்கத்தால் மூடும் பல்வேலையைச் சாடினார். அவர் கண்டித்தது பிழையான பணியை. பலர் செய்ததோ, பல நோய்களுக்கும் பற்களே காரணமென்று கூட்டங்கூட்டமாகப் பிடுங்கியது. ஒரு தலைமுறைக்குப் பின்னரே அக்கருத்து தளர்ந்தது. 1963இல் வேர் மருத்துவம் அமெரிக்காவில் தனித்துறையாக ஏற்கப்பட்டது.

காப்பாற்ற இயலாத பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அதற்குரிய குறடுகளையும் ஸஹ்ராவி வரைந்தே வைத்தார். ஆனால் குறடு கடைசியில் எடுக்க வேண்டிய கருவி என்பதே அவர் விட்டுச் சென்ற பாடம். வலி காட்டும் இடமெல்லாம் நோயின் இடமன்று. வலிக்கிறது என்பதற்காக எதையும் வேரோடு பறிக்கத் துணியும் முன், குற்றம் எங்கே என்று ஒருமுறை தேடுவோமாக!