சர்க்கரைப் போர்வைக்குள் ஒளிந்த கிருமி

1992 ஒக்ரோபரில் பிரித்தானியாவின் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் 'ஹிப்' என்னும் ஊசி சேர்க்கப்பட்டது. முக்கூட்டு ஊசியையும் போலியோச் சொட்டையும் மட்டுமே அறிந்து இலண்டனுக்கு வந்த எம்மவர்க்கு அது புதிய பெயர்.

ஹிப் பற்றீரியா மூளையைச் சூழ்ந்த மென்சவ்வைத் தாக்கும். அதற்குமுன் இந்நாட்டில் ஏறத்தாழ 600 பிள்ளைகளுள் ஒருவர் ஐந்து வயதிற்குள் இக்கிருமிக்கு இலக்காகினர். உயிர் தப்பியோருள்ளும் சிலர் செவிப்புலனை இழந்தனர்.

இக்கிருமி சர்க்கரை வகைப் பொருளொன்றைப் போர்வையாகக் கொண்டுள்ளது. வளர்ந்தோரின் உடல் அதனைப் பகையென இனங்காணும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையின் உடலோ பொருட்படுத்துவதில்லை. நோய் பெரிதும் நாடுவதும் அவ்வயதினரையே! போர்வையை மட்டும் பிரித்தெடுத்து ஆக்கிய முதல் ஊசிகள் கைக்குழந்தைகளிடம் பயனற்றுப் போனமை இதனாலாகும்.

விடைக்கான வழி 1929 இலேயே தெரிந்திருந்தது. நியூயோர்க்கின் ரொக்பெல்லர் ஆய்வுநிலையத்தில் ஏவரி, கோபல் என்னும் இருவர் சர்க்கரையைப் புரதத்துடன் பிணைத்து முயல்களுக்கு ஏற்றினர். தனிச் சர்க்கரையைக் கண்டுகொள்ளாத உடல், பிணைத்த சர்க்கரைக்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்கியது. இவ்வறிவு குழந்தைகளைச் சென்றடைய அரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று. அமெரிக்காவில் ரொபின்ஸ், ஷ்னீர்சன் ஆகியோரும், சிமித், அன்டர்சன் ஆகியோரும் தனித்தனியே உழைத்து ஹிப் ஊசியை உருவாக்கினர். நச்சு நீக்கிய ஏற்புவலிப் புரதம் போன்றவற்றுடன் கிருமியின் சர்க்கரை பிணைக்கப்பட்டது. வீட்டாருக்குத் தெரிந்த ஒருவர் கைப்பிடித்து அழைத்துவரும் புதியவரை வீட்டார் கவனிப்பதுபோல, புரதத்தை அறியும் குழந்தையின் உடல் அதனோடு வந்த சர்க்கரையையும் நினைவிற் கொள்கிறது.

சில ஆண்டுகளில் ஹிப் நோய் அரிதாயிற்று. 1999 நவம்பரில் மெனிங்கோகொக்கல் 'சி' கிருமிக்கெதிராக இதே முறையிலான ஊசியை உலகில் முதன்முதலாகப் பிரித்தானியாவே வழங்கத் தொடங்கியது. நோய் உண்மையில் தடுக்கப்படுகிறதா என அறியும் பெரும் பரிசோதனைக்குக் காத்திராது, குருதியிலுள்ள பிறபொருளெதிரியின் அளவை நம்பியே அனுமதி வழங்கினர். துணிந்த முடிவுதான், பிழைக்கவில்லை.

ஆயினும் 1999 இன் பின் ஹிப் மீண்டும் தலைதூக்கியது. கைக்குழந்தைப் பருவத்து மூன்று ஊசிகளின் காப்பு காலப்போக்கிற் குறைந்தமை அதற்கு ஒரு காரணம். 2003 இல் சிறுவர்க்கு மேலதிக ஊசி போடப்பட்டது. 2006 முதல் ஒரு வயதின் பின்னான ஊசி அட்டவணையிற் சேர்ந்தது.

இலங்கையில் ஹிப் ஊசி 2008 இலும், தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலுமே அரச அட்டவணைக்கு வந்தது. ஆதலால் எமது இல்லங்கள் சிலவற்றில் இங்கு பிறந்த இளையவர் பெற்ற ஊசியை அங்கு பிறந்த மூத்தவர் பெற்றிருக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளை எங்கு பிறந்தது, எவ்வெவ் ஊசிகள் போடப்பட்டன எனத் தாதியர் வினவுவது இதன்பொருட்டே.