இயந்திரத்துக்கு முதுமை உண்டா?

கண்ணாடிக் குவளை ஒன்றையும் மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குவளை கைதவறி விழுந்தால் உடையும். அது நேற்று வாங்கியதாயினும் பத்தாண்டு பழகியதாயினும் அதற்குள்ள ஆபத்து ஒன்றே. சக்கரமோ நாளும் தேய்ந்து, முதுமையினால் முறிகிறது. முன்னதை நாள் குறித்து மாற்றுவதால் பயனில்லை. பின்னதை முறியுமுன் மாற்றுவதே அறிவுடைமை. ஓர் இயந்திரம் இவற்றுள் எவ்வினத்தைச் சேர்ந்தது என்பதை அறியும் முறை தோன்றிய வரலாறே இன்று நாம் காணப்போவது.

குவளையைப் போன்றவற்றின் ஆயுளை அடுக்குக்குறிப் பரவல் என்னும் விதியால் கணிதவியலார் குறிப்பர். தேய்ந்து கெடுபவற்றின் ஆயுளோ ஒரு சராசரியைச் சுற்றித் திரண்டு நிற்கும். ஆனால், கண்ட கணக்கு எந்த விதிக்கும் முற்றிலும் இணங்குவதில்லை. வேற்றுமை தற்செயலானதா, விதியே பொருந்தாததனால் வந்ததா என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

அதனை 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் கார்ல் பியர்சன் வகுத்தளித்தார். கண்ட எண்ணிக்கைக்கும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் உள்ள வேற்றுமையை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டுவது அவர் முறை. கூட்டுத்தொகை மிகப் பெரிதாயின் விதி பொருந்தவில்லை என்பது முடிவு. 1933-இல் ரஷ்ய அறிஞர் கோல்மொகோரொவ், கண்ட கணக்கின் கோட்டுக்கும் விதி காட்டும் கோட்டுக்கும் இடையேயுள்ள மிகப் பெரிய இடைவெளியை அளக்கும் முறையைத் தந்தார்.

1952-இல் அமெரிக்கரான டேவிஸ், பழுதுகளைப் பற்றிய பல கணக்குகளை ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் ஒன்று பஸ் மோட்டார்களைப் பற்றியது. 191 மோட்டார்கள் முதற் பழுது வரை ஓடிய தூரங்கள் ஒரு சராசரியைச் சுற்றித் திரண்டிருந்தன. பழுது பார்த்து மீண்டும் ஓட்டியபோது, அடுத்தடுத்த பழுதுகள் படிப்படியாக அடுக்குக்குறிப் பரவலை நெருங்கின. காரணம் எளிது: பழுது பார்த்த மோட்டாரில் புதிய உறுப்பும் பழைய உறுப்பும் கலந்துள்ளன, ஆகவே, எது எப்போது கெடும் என்பதில் ஒழுங்கில்லை.

1953-இல் எப்ஸ்டைன், சோபல் என்னும் இருவர், அடுக்குக்குறி விதியைக் கொண்டு ஆயுட்சோதனை செய்யும் முறைகளை வகுத்தனர். ஓடிய மொத்த நேரத்தைப் பழுதுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஆயுள் கிடைத்துவிடும். இந்த எளிமை பலரைக் கவர்ந்தது. ஆனால், 1961-இல் செலன், டானெமில்லர் ஆகியோர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். உண்மை ஆயுள் ஸ்வீடன் நாட்டு வைபுல் 1951-இல் விளக்கிய பரவலைப் பின்பற்றுமாயின், அம்முறைகள் தரங்குறைந்த பொருள்களையும் நல்லவை என்று ஏற்றுவிடக்கூடும் என்று அவர்கள் காட்டினர்.

ஒன்றை மறவாதீர்கள். இச்சோதனைகள் ஒரு விதியை மெய்யென்று நிறுவுவதில்லை. பொருந்தாததை விலக்கவே வல்லவை. கணக்குச் சிறிதாயின், பொய்யான விதியும் தப்பிவிடும். கணக்கிட எளிது என்பதற்காக ஒரு விதியை நம்பினால், முறியப்போகும் சக்கரத்தைக் குவளையென்று எண்ணி, வண்டியில் மக்களை ஏற்றியவர்கள் ஆவோம்.