இலத்திரனின் திணிவும் யாழ்ப்பாணத்துக் கணக்கும்

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அமெரிக்க மிசன் 1820இல் ஒரு நிலையத்தை அமைத்தது. வைத்தியரும் போதகருமான ஜோன் ஸ்கடர் அங்கே மருந்தையும் மதத்தையும் சேர்த்தே கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, தெற்கே சில மைல் தொலைவில், அதே மிசன் வட்டுக்கோட்டை செமினரியைத் திறந்தது. அதன் அதிபர் டானியேல் பூர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய வானியலைப் படிப்பித்த அந்த இடத்தில், 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் ஒரு பகிரங்கப் பரீட்சையாக மாறியது. பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பு ஒன்று. பூர் முன்கூட்டியே அறிவித்த கணிப்பு இன்னொன்று. தொடங்கும் நேரத்திலும் நீடிக்கும் காலத்திலும் மறையும் அளவிலும் இரண்டும் வேறுபட்டன. அன்றிரவு பூரின் கணக்கே பலித்தது. அதைக் கொண்டு மிசனரிமார் புராணங்களின் உலகமே பொய்த்துவிட்டதாக வாதிட்டார்கள். இந்த வாதத்தை ஏற்க எனக்கு நியாயம் தெரியவில்லை. பஞ்சாங்கக் கணிதம் சந்திரனை விழுங்கும் பாம்பை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. புவியின் நிழலையும், சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிகளையும் வைத்தே போடுகிறது. கிரகணம் உண்டென்று அது சரியாகவே சொன்னது. பிழைத்தவை அதன் எண்கள். ஒரு பரிசோதனை எந்த எடுகோளைத் தொடுகிறதோ அதற்கு மட்டுமே தீர்ப்புச் சொல்லும். அதற்கு அப்பால் நீட்டப்படும் தீர்ப்பு, நீட்டுபவரின் விருப்பம்.

அடிப்படைத் துணிக்கைகளுக்குத் திணிவு எப்படி வந்தது என்ற கேள்வியின் வரலாற்றை இந்த அளவுகோலால்தான் படிக்க வேண்டும். அந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கும் இடமுண்டு. மின்னேற்றம் பெற்ற கோளம் நகரும்போது அதன் புலமே அதற்கு மேலதிகச் சடத்துவம் தருகிறது என்று பௌதிகவியலாளர் ஜே. ஜே. தொம்சன் 1881இல் காட்டினார். அப்படியானால் இலத்திரனின் திணிவு முழுவதும் அதன் புலத்திலிருந்தே வந்திருக்கலாமே என்று ஆபிரகாமும் லொரன்ஸும் எண்ணினார்கள். வோல்டர் காவ்மன் வேகமான இலத்திரன்களை வளைத்து அளந்து, வேகத்தோடு திணிவு கூடுவதற்கு லொரன்ஸும் ஐன்ஸ்டைனும் சொன்ன சூத்திரம் பொருந்தவில்லை என்று 1906இல் அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில் பூக்கரரின் அளவீடு அந்தச் சூத்திரத்தின் பக்கம் சாய்ந்தது. ஆனால் அடியில் கிடந்த சிக்கலை இந்த அளவீடுகள் எவையும் தொடவில்லை. இலத்திரனை ஒரு புள்ளியாகக் கொண்டால், அதன் புலத்திலுள்ள சக்தி முடிவிலியாகிறது; திணிவும் முடிவிலியாகிறது. டிராக் 1938இல் அந்த முடிவிலியைக் கழித்துவிட்டு, அளந்தறிந்த திணிவை அதன் இடத்தில் வைத்து, கதிர்வீசும் இலத்திரனுக்கான இயக்கச் சமன்பாட்டை எழுதினார்.

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆய்வுசெய்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் அந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டார். ஹாட்லி மெதடிஸ்த மிசனின் கல்லூரி. ஆகவே அமெரிக்க மிசனின் வட்டுக்கோட்டையிலிருந்து அவரிடம் நேர்க்கோடு இழுப்பது வலிந்த செயல். அவர் எடுத்த கணக்கு மிக எளியது: ஒரு புரோத்தன், அதை நோக்கி ஒரே நேர்கோட்டில் வரும் ஓர் இலத்திரன். எதிரேற்றங்கள் ஈர்க்கும், இலத்திரன் விழுந்து மோத வேண்டும். 1943இல் அவர் வெளியிட்ட விடை வேறு. டிராக்கின் சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் அடையாது. வழியில் நின்று, திரும்பி, ஈர்க்கும் விசைக்கு எதிராகவே மேன்மேலும் ஆர்முடுகி விலகி ஓடும்.

எந்தக் கருவியையும் தொடாத இதைப் பரிசோதனை என்பதா என்று கேட்கலாம். பரிசோதனை என்பதே சரி. இயற்கையிடம் கேட்கும் முன், கோட்பாடு தனக்குத்தானே என்ன சொல்கிறது என்று கேட்டாக வேண்டும். முடிவிலியைக் கழித்துத் திணிவை உள்ளே வைத்ததற்குச் சமன்பாடு கொடுத்த விலையை எலியேசரின் கணக்கு வெளியே கொண்டுவந்தது. அது தொட்ட இடம் அதுதான்; சரியாகத் தொட்டது. இன்னொரு மறுப்பு இதைவிட வலியது: அணுவின் அளவில் சொல்லதிகாரம் குவாண்டம் கோட்பாட்டுக்கே, எனவே குவாண்டத்துக்கு முந்திய பழைய வழியில் போட்ட கணக்கு செல்லாக்காசு. உண்மையில் 1940களின் இறுதியில் குவாண்டம் மின்னியக்கவியல் வியப்பூட்டும் துல்லியத்தை அடைந்தது. ஆனால் அதுவும் இலத்திரனின் திணிவை அளவீட்டிலிருந்து வாங்கியே தொடங்குகிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை. எலியேசர் 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். பின்னர் மலாயாவுக்கும் மெல்பேணுக்கும் போனார். கேள்வி அப்படியே இருந்தது.

2012 யூலை 4இல் சேர்ன் ஆய்வு நிலையம், துணிக்கைகளுக்குத் திணிவு தருவதாகக் கோட்பாடு சொல்லும் ஹிக்ஸ் புலத்தின் அடையாளமான ஹிக்ஸ் துணிக்கையை அறிவித்தபோது, திணிவின் மர்மம் தீர்ந்தது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. இங்கும் தீர்ப்பு தொட்ட இடத்தைத் தாண்டி நீட்டப்பட்டது. ஹிக்ஸ் புலத்துடன் ஒரு துணிக்கைக்குள்ள பிணைப்பு அதன் திணிவுக்கு நேர்விகிதம் என்பதே கோட்பாட்டின் பரிசோதிக்கத்தக்க கூற்று. அந்தப் பிணைப்பு ஏன் இத்தனை என்று அது சொல்லாது. கனமான துணிக்கைகளில் கூற்று தேறியிருக்கிறது: டபிள்யூ, இசட், டௌ, 2018இல் உச்சிக் குவார்க்கும் அடிக் குவார்க்கும். இலத்திரனின் கனத்த உறவான மூவோனுக்கு 2020இல் முதற்சான்று கிடைத்தது. ஹிக்ஸ் சிதைவுகளில் 10,000இல் ஏறக்குறைய 2 மட்டுமே மூவோன் இணையாகும். இலத்திரன் மூவோனைவிட 207 மடங்கு இலேசானது. சிதைவின் வீதமோ திணிவின் வர்க்கத்தைத் தொடர்கிறது. ஆகவே ஹிக்ஸ் இலத்திரன் இணையாகச் சிதைவது இன்னும் 43,000 மடங்கு அரிது, 100 கோடியில் 5 தடவை. இன்றைய மோதுகைகளின் இரைச்சலில் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. கனமானவற்றில் பொருந்தியது இலேசானதிலும் பொருந்தும் என்பது நல்ல ஊகம்; நானும் அதையே எதிர்பார்க்கிறேன். ஆனால் ஊகத்தை முடிவென்று எழுதக்கூடாது, அதிலும் அணுவின் பருமனையும் வேதியியல் முழுவதையும் தீர்மானிக்கும் திணிவைப் பற்றி. இலத்திரனையும் அதன் எதிர்த்துணிக்கையையும் ஹிக்ஸின் திணிவுக்கு மிகச் சரியாக ஒத்த, ஏறக்குறைய 125 ஜிகா இலத்திரன்வோல்ற்றில் மோதவைத்து ஹிக்ஸை நேரடியாகப் பிறப்பிக்கும் யோசனை சேர்னின் எதிர்கால வட்ட மோதியைப் பற்றிய பேச்சில் இருக்கிறது. அந்த மோதி இன்னும் கட்டப்படவில்லை.